துரைக்காக உயர்த்திய வாசல்

எங்கள் ஊரில் எல்லா வீட்டு வாசலும் குட்டை. குனியாமல் எவரும் உள்ளே போக முடியாது. கொல்லிமலைக் காற்றுக்கும் பனிக்கும் அதுதான் தோது. அடுப்புப் புகை வெளியே ஓடாமல் பரணைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே வைத்திருக்கும் விதைச்சாமை ஈரம் வாங்காது. கண் எரியும், இருமுவோம், விதை பிழைக்கும். பத்து வயதுப் பெண்ணான எனக்கே இது தெரியும். ஊர்ப் பெரியதனக்காரரான என் அப்பாவுக்குத்தான் மறந்துபோனது.

வெள்ளைக்கார துரை ஒருவர் மலையைப் பார்க்க வருகிறார் என்று பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். துரை பனைமரம் உயரமாம். அப்பா பதறிப்போனார்.

"தொரை நம்மூட்டுக்குள்ள குனிஞ்சா வருவாரு? ஊருக்கே அவமானம்!"

முன்கூரையைத் தூக்கி, நிலையைப் பெயர்த்து, தன் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டுப் புது வாசல் வைத்தார்.

"ஏனுங்க, பொகையெல்லாம் வெளிய ஓடீருமே, வெதை என்னத்துக்காவறதுங்க?" என்றாள் அம்மா.

"வெதை பெருசா, தொரை பெருசா?"

அம்மா விதைக்கூடையைப் பரணில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். நானாக இருந்தால் விதைதான் பெரிசு என்று சொல்லியிருப்பேன்.

துரை வந்தார், டோலியில், நாலு பேர் தோளில். பலாமரத்தடியில் இறங்கினார், கொண்டுவந்த அவித்த முட்டையைத் தின்றார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உயரமும் ஒன்றும் பிரமாதமில்லை. அப்பாவைவிட நாலு விரல் கூடுதல்.

அதோடு விட்டதா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக, பெரியதனக்காரர் வீட்டைப் பார்த்து ஊரே வாசலை உயர்த்தியது. மார்கழியில் அத்தனை பேரும் பெருமையோடு நடுங்கினோம். ஒரே ஒரு வீடுதான் குட்டையாகவே நின்றது. புருஷனை இழந்த ஒருத்தியின் வீடு அது. நிலையைப் பெயர்க்க அவளுக்கு ஆள் இல்லை.

விதைக்கும் காலம் வந்தது. அம்மா பரணிலிருந்து கூடையை இறக்கினாள். சாமை முழுக்கப் பூசணம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வாசலை உயர்த்திய எல்லா வீட்டிலும் விதை இப்படித்தான் போயிருந்தது. வேறு வழியில்லாமல் அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் குட்டை வீட்டின் முன் போய் நின்றார். விதை கேட்டார்.

"தொரைகிட்டக் கேக்கலீங்களா?" என்றாள் அவள்.

உள்ளே போய் விதையோடு வந்தாள். அப்பா துண்டை விரித்து நீட்டினார். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் அம்மாவின் முந்தானையில் கொட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கடப்பாரையை எடுத்து நிலையைப் பெயர்த்துப் போட்டார். வியர்க்க விறுவிறுக்க நின்றவர் உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்து, "எவ்வளவு ஒசரம் வெக்கறது, நீயே சொல்லு புள்ள" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் ஒரு யோசனை கேட்டதில்லை.

அம்மா எழுந்து வந்து வாசலில் நின்று, தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள்.