சுவிட்சுக்கு முன்னால் ஒரு ஒயர்

கைப்பேசியில் பழனியம்மாள் என்று பெயர் வந்தபோது நான் எடுக்கவில்லை. காலை ஏழரை மணி. அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வருடங்களாக அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று தோன்றும். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தபோதுதான் எடுத்தேன். பேசியது அவருடைய கணவர் முருகேசன்.

"சார், பழனியம்மா போயிட்டாளுங்க. நேத்துச் சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

நாற்பத்தாறு வயது. எனக்கும் அதே வயதுதான். செய்தியைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் முதலில் வந்தது ஒரு நிம்மதி, இனி அவர் கேட்க மாட்டார் என்று. அது ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஊரான செம்மநத்தத்தில் காரியத்தன்று கொடுக்கப்போகும் சிறு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரை அறிந்தவர்கள்தான் படிக்கப்போகிறீர்கள். இருந்தாலும் அவருடைய வேலை என்னவென்று சரியாகத் தெரிந்தவர்கள் உங்களில் குறைவு. காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த தாய் தகப்பனுக்குப் பிறந்து, சேலத்தில் ஐ.டி.ஐ. படித்து, கரடியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் விடுதியில் மின்சாரப் படகுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். விடுதியின் ஏரியில் ஆறு படகுகள். எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. கூரையில் சோலார் தகடு, மோட்டாருக்கு ஒரு பெரிய லித்தியம் பேட்டரி, விளக்கு, ஹாரன், பாட்டு, ஆழம் காட்டும் திரை, அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் இவற்றுக்கெல்லாம் ஒரு சின்ன பேட்டரி. நான் அந்த விடுதிக்கு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். பெயருக்கு அவருடைய மேலதிகாரி.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு படகில் எதையாவது கழற்றி மாட்டினால், வேகத்தை முழுக்க வைத்து ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து ஒயர் சேரும் இடம் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மலைப் பனியில் செம்பு பச்சை பிடித்துப்போகும், பிடி தளரும், தளர்ந்த இடம் சுடும். என்னிடம் விலை உயர்ந்த மீட்டர் இருந்தது. அதை நீட்டினால் சிரிப்பார். "மீட்டரு இப்ப நடக்கறதைச் சொல்லுமுங்க சார். சூடு, அப்ப நடந்ததைச் சொல்லும்."

ஒருமுறை ஆழம் காட்டும் திரை, வேகம் எடுக்கும்போதெல்லாம் கண்டகண்ட எண்களையெல்லாம் காட்டத் தொடங்கியது. ஏரியின் நடுவில் அரை அடி ஆழம் என்று காட்டியதைப் பார்த்து ஒரு விருந்தாளி இறங்கி நடக்கட்டுமா என்று கேட்டார். திரையை மாற்ற வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழனியம்மாள் ஒரு பகல் முழுக்கப் படகின் அடியில் படுத்துக் கிடந்து, மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை ஒரு பக்கமாகவும், திரைக்குப் போகும் மெல்லிய ஒயரை எதிர்ப்பக்கமாகவும் பிரித்துக் கட்டினார். கோளாறு போய்விட்டது. எப்படி என்று கேட்டேன். "பெரிய ஆளுகூடச் சின்ன ஆளு ஒட்டி நடந்தா, சின்ன ஆளு பேசறது யாருக்குங்க கேக்கும்?" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகு அந்த வாக்கியத்தை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது.

ஐந்து வருடத்துக்கு முன் படகுகளுக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கினோம். பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைக் கைப்பேசியிலேயே காட்டும். எனக்கு அதில் நொடிக்கு நொடி எண்களைப் பார்ப்பது பெருமையாக இருந்தது. "ஏனுங்க சார், போனைப் பாத்துட்டே இருந்தா படகு ஓடிருமுங்களா?" என்று பழனியம்மாள் கேலி செய்வார். மேனேஜருக்கும் அதைக் காட்டினேன். அவர், "எல்லாம் நிறுத்தின பிறகும் ஏதோ கொஞ்சம் போய்க்கிட்டே இருக்கே?" என்றார். உண்மைதான். பம்ப்பைத் தானாக ஓடவைக்கும் கருவி கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணைப் பூஜ்யம் ஆக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

படகு ஓட்டத் தெரியாதவர்களுக்கும் இது புரியும். படகை நிறுத்திவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை அணைப்பது வழக்கம். அணைத்தால் எல்லாம் நிற்கும், பம்ப் மட்டும் நிற்கக் கூடாது. மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. அதனால் பம்ப்பின் ஒயர் மெயின் சுவிட்சுக்குப் போகாமல், தனியாக ஒரு ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போகும். பழனியம்மாள் ஆறு படகிலும் அப்படித்தான் போட்டிருந்தார். மாரியம்மன் நோம்பிக்கு அவர் இரண்டு நாள் லீவில் போயிருந்தபோது, மூன்றாம் நம்பர் படகில் அந்த ஒயரைக் கழற்றி, சுவிட்சுக்குப் பின்னால், அதை அணைத்தால் பம்ப்பும் நின்றுபோகும்படி மாட்டினேன். மற்ற படகுகளில் பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டேன். கைப்பேசியில் பூஜ்யம் வந்தது. மேனேஜரிடம் காட்டினேன். பழனியம்மாள் திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார் என்று தெரியும்.

தினமும் காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும், தண்ணீர் ஏறினால் பம்ப்பை ஓடவைக்கும் மிதவையை ஒரு விரலால் தூக்கி, பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். தூக்கினார், ஓடியது. சுவிட்ச் போட்டிருக்கும்போது ஓடாமல் என்ன செய்யும்? சாயங்காலம் வழக்கம்போல அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து ஒரு பெருமழை. சில்வர் ஓக் இலைகள் படகின் வடிகாலை அடைத்துக்கொண்டன. காலையில் வந்து பார்த்தால் ஐந்து படகுகள் மிதந்தன. மூன்றாம் நம்பரின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

படகுக் கொட்டகையில் எல்லாரையும் நிற்க வைத்து மேனேஜர் விசாரித்தார். பம்ப் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். பழனியம்மாள், "நேத்துக் காலையிலகூட விரலால தூக்கிப் பாத்தனுங்க. நல்லா ஓடுச்சுங்க" என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னது இதுதான்: "மெயின் சுவிட்சை அணைச்சிட்டுப் போயிருக்காங்க சார்."

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதில் கேவலம். கேட்ட எல்லாரும் அவர் அணைத்திருக்கக் கூடாது என்று புரிந்துகொண்டார்கள். அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். பழனியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, கணக்குப் புரியாதவர் பார்ப்பதுபோல. "சுவிட்ச அமத்துனாலும் பம்ப் ஓடோணுமுங்களே சார்?" என்றார். ஒயரை மாற்றியது நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பொம்பளைக்கு எதுக்குக் கரண்டு வேலை?" என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

அவரை விடுதியின் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் விரிப்புகளை மடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நான் அந்த வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன். அவர் இல்லாமல் படகுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கடைசியில் மேனேஜரே அவரைத் திரும்ப அழைத்தார். அழைத்தபோது, "இனிமே கவனமா இருக்கணும்" என்று புத்தியும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வந்த அன்றே அவர், தூக்கிக் கரையேற்றியிருந்த மூன்றாம் நம்பரின் ஒயர்ப் பெட்டியைத் திறந்தார். ஒயர்களை நான் கட்டுகிற விதம் அவருக்குத் தெரியும். எங்களில் பச்சை டேப் சுற்றுகிறவன் நான் ஒருவன்தான். அரை மணி நேரம் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றார். "சார், மூணாம் நம்பர்ல பம்ப் ஒயரைப் பழையபடி மாத்திப்புட்டேனுங்க. பாத்துக்குங்க." அவ்வளவுதான். உள்ளங்கையில் ஒரு துண்டுப் பச்சை டேப் இருந்தது. அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் "சரி" என்றேன்.

அதன் பிறகு நான்கு வருடத்துக்கும் மேல் ஒன்றாக வேலை செய்தோம். பேட்டரி, மோட்டார், மழை, அவர் பையனின் படிப்பு எல்லாம் பேசினோம். இதைப் பேசவில்லை. அவர் மன்னித்துவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். அல்லது நானாகச் சொல்வேன் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அவருக்கு நாளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உடலை எடுத்த அன்று செம்மநத்தத்துக்குப் போனேன். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நொம்ப நல்ல வேலைக்காரிங்க சார் அவ. ஒரே ஒரு வாட்டி சுவிட்ச அமத்திப்புட்டுப் பேரைக் கெடுத்துக்கிட்டா. நாங்கூட ஊட்டுல வெச்சுத் திட்டுனனுங்க, உன்னால படகு முழுகிப்போச்சேன்னு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல." அவர் தன் கணவரிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அதே கொட்டகைதான் எனக்கு.

அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்றாம் நம்பர் படகு மூழ்கியது என்னால். மேனேஜரிடம் நேற்று இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் முருகேசனிடம் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர், "இதை அவ இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். "நானாச்சும் அவளைத் திட்டாம இருந்திருப்பேன்."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அந்தப் பச்சை டேப் துண்டு. என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, தூக்கிப் போட முடியவில்லை. இன்னொன்று, அவர் கொட்டகையில் கேட்ட கேள்வி. இப்போது படகுகளைச் சாயங்காலம் நான்தான் நிறுத்துகிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து, மிதவையை ஒரு விரலால் தூக்குகிறேன். பம்ப் ஓடுகிறது. ஆமாம் பழனியம்மாள், சுவிட்சை அணைத்தாலும் ஓட வேண்டும். ஆறு படகிலும் இதைச் சொல்கிறேன், வாய்விட்டுத்தான் சொல்கிறேன். கரையில் ஆள் நின்றாலும் நிறுத்துவதில்லை.