இன்ஜினுக்கு முதல் குடம்

ஓசூர் சிக்னலில் கிழட்டு டெம்போ ஒன்று நீலப் புகை கக்கியது. அந்த எரிந்த ஆயில் வாடையில், மத்திகிரிப் பக்கம் இன்று பிளாட் போட்டுவிட்ட எங்கள் நிலத்துக்கும், அங்கே கிணற்றோரம் இருந்த இன்ஜின் கொட்டகைக்கும் போய்விட்டேன்.

அந்த டீசல் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தாலே குப்பென்று புகை வரும். பிஸ்டன் ஓடும் லைனர் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார் மெக்கானிக். "இந்த முட்டக்கோஸ வெட்டிட்டு மாத்திக்கலாம்" என்று ஒவ்வொரு வெள்ளாமைக்கும் அப்பா சொன்னார். அதுவரை, குளிரில் விறைத்துக் கிடக்கும் இன்ஜினைக் கிளப்ப, விடியலில் அம்மா அண்டாவில் காய்ச்சும் வெந்நீரில் முதல் குடம் அதற்கு. உடம்பு சூடான பிறகுதான் அது இருமி, தடுமாறி, ஓடத் தொடங்கும். அடுத்த குடம், பள்ளிக்கூடம் கிளம்பும் எனக்கு.

"எனக்கு முன்னாடி அதுக்கா?" என்று தினமும் அம்மாவிடம் சண்டை போடுவேன்.

"அது ஓடுனாத்தான் நமக்குச் சோறு, கண்ணு" என்பாள், தன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

இரண்டே குடம் கொள்ளும் அண்டா அது. அம்மா எந்தத் தண்ணீரில் குளித்தாள் என்று, பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும் இந்த நிமிடம்வரை எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.