ஐந்தாவது கெஸ்ட்

பினாங்குத் தீவிலேயே ஒரு பேயைக் கீபோர்டில் கமாண்டு தட்டி, மரியாதையாக வழியனுப்பி வைத்தவன் நான் ஒருவன்தான். மந்திரம் கிடையாது. எலுமிச்சம்பழம் கிடையாது. பத்து விரல், அவ்வளவுதான்! சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நல்லமுத்து கூட்டித்தான் சொல்வான் என்று ஆயர் ஈத்தாம் முழுக்கப் பேச்சு. இதில் நான் கூட்டியது கால் பங்குதான். மீதி அப்படியே நடந்தது.

1984. தைப்பூசத்துக்கு முதல் நாள். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. அதன் கம்ப்யூட்டர் அறையில் நான் ஆபரேட்டர். ஜன்னலே இல்லாத அறை. ஏர்கோன் குளிரில் பெங்குவின் வளர்க்கலாம்.

அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய மெஷின். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் நாலு மெஷின்கள் ஓடும். ஒரே வீட்டில் நாலு குடித்தனம் மாதிரி. ஒவ்வொன்றும் முழு வீடும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். 'கெஸ்ட்' என்போம். யார் பார்த்துக்கொள்கிறாரோ, அவர் பெயரையே கெஸ்ட்டுக்கு வைப்பது எங்கள் வழக்கம். பெரிய மெஷினை நிறுத்துமுன் ஒவ்வொரு கெஸ்ட்டையும் மூடச் சொல்லவேண்டும். அது தன் ஃபைல்களை ஒவ்வொன்றாக மூடி, 'முடிந்தது' என்று சொல்லும்வரை காத்திருக்கவேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு 'ஃபோர்ஸ்' என்று ஒரு கமாண்டு உண்டு. பட்டென்று கழுத்தைத் திருகுவது மாதிரி. திறந்திருக்கும் ஃபைல் நாசம்.

முந்தின ஆண்டு 'பத்மா' என்ற கெஸ்ட் அப்படித்தான் செத்தது. சம்பளக் கணக்கெல்லாம் போயிற்று. அதைப் பார்த்துவந்த பத்மாவதிதான் கெடுத்தாள் என்று சூப்பர்வைசர் அப்புத்துரை மேலே சொல்லிவிட்டார். அவள் வேலை போனது. சில மாதத்தில் அவளும் போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள். "நான் செய்யல" என்றே கடைசிவரை சொன்னாளாம். பத்மா என்ற பெயரையும் மெஷினிலிருந்து நீக்கிவிட்டோம்.

அன்று மாலை ஏழு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேலைக்காகக் கரண்ட்டை நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் மெஷினை மூடவேண்டும். அறையில் நானும் யாழ்ப்பாணத்துக்காரர் அப்புத்துரையும் மட்டும்.

நாலு கெஸ்ட்டும் ஒழுங்காக மூடிக்கொண்டன. உள்ளே இன்னும் யாராவது உண்டா என்று மெஷினைக் கேட்டேன்.

ஸ்கிரீனில் ஒரு பெயர் வந்தது.

பத்மா.

"அண்ணே... இங்க பாருங்க."

"பழைய குப்பை லா. ஃபோர்ஸ் போடு."

"முறையா மூடச் சொல்லுவோமே, அண்ணே."

"தள்ளடா, விசரா!"

அவரே தட்டினார்.

ஆறு இருபத்திரண்டு. ஏர்கோன் நின்றது. ஆனால்... குளிர் கூடியது.

கட... கட... கட... பிரிண்டர் தானாக ஓடியது. இங்கிலீஷில்தான் அடித்தது. தமிழில் சொல்கிறேன்.

'கெஸ்ட்: அப்புத்துரை. மூடுதல் தொடங்கியது.'

"எவன்டா விளையாடுறது?" என்று சிரித்தார்.

கட... கட...

'வலது கால். மூடியது.'

தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

'வலது கை. மூடியது.'

கை மேஜையிலிருந்து வழுக்கித் தொங்கியது.

அவசரமே இல்லை. ஒவ்வொன்றாக. மேனுவலில் உள்ளபடி.

கதவுக்கு ஓடினேன். எலக்ட்ரிக் பூட்டு. அசையவில்லை.

'மூச்சு. காத்திருக்கிறது.'

கட...

'வாய். திறந்திருக்கிறது.'

எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே! வாய மட்டும் விட்டு வச்சிருக்கா! சொல்லிடுங்க!"

"என்... என்னத்தடா..."

கட.

"நான்தான்! அண்டைக்கும் ஃபோர்ஸ் போட்டது நான்தான்! பந்து மேட்ச் பாக்கப் போற அவசரத்துல... அவள் இல்ல!"

பிரிண்டர் நின்றது.

பத்மாவுக்கு முறையான கமாண்டைத் தட்டினேன். ஒரு ஃபைல் மூடியது... இன்னொன்று... இன்னொன்று...

'முடிந்தது.'

ஏழு மணி. கரண்ட் போனது. கதவு திறந்துகொண்டது.

தைப்பூசம் கழிந்து, மெஷின் எஞ்சினியர் ஜெயராஜ் வந்து பதிவுகளைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணே, போன வருசம் ஃபோர்ஸ் போட்டாங்கல்ல? அப்பவே இந்தப் பத்மா நிக்கல. அன்னைலேர்ந்து ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நடுவுல மூணு தடவ மெஷினுக்குக் கரண்டே இல்ல. அப்பவும் ஓடியிருக்கு."

அப்புத்துரைக்குக் கால் தேறியது. கை தேறவில்லை. "பிரஷர் லா. நல்லமுத்து விடுறது எல்லாம் புளுகு" என்பார். பதினாலு வருடமாக இதே பாட்டு. நானோ ஊரறிந்த அளப்பன். என் பேச்சை வைத்து யார் பத்மாவதியை நம்புவார்கள்? அவள் பெயர் அப்படியே கறையோடு கிடந்தது.

போன மாதம் ஜெயராஜ் மகள் கல்யாணம். பந்தியில் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். எதிரே அப்புத்துரை, இடது கையில் கரண்டியோடு. பத்மாவதியின் தங்கை தவமணி ரசம் ஊற்ற வந்தவள், வாளியோடு நின்றுவிட்டாள்.

"அங்கிள், இவர் சொல்றது மெய்யா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அப்புத்துரை கரண்டியைக் கீழே வைத்தார்.

"நடந்ததுதான், பிள்ளை. உன்ர அக்கா ஒண்டும் செய்யேல்லை."