ஒன்பது கடிதங்களிலும் காய்ச்சல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, நாங்கள் மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தபோது நடந்தது இது. என் பெண் பஸ்ஸில் மூன்று ஸ்டாப் தள்ளி ஒரு கான்வென்ட்டில் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாள் பெற்றோர் கைப்பட ஆங்கிலத்தில் கடிதம் தர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அதனால் கடிதம் என் பொறுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள்தான், ஆனால் தமிழ் மீடியம். ஆங்கிலச் சொற்கள் தனித்தனியாகத் தெரியும். எது எதோடு சேரும் என்பதில்தான் தடுமாற்றம். குளிப்பதற்கு 'டேக்'கா, 'மேக்'கா? தப்புச் செய்வதற்கு 'டூ'வா, 'மேக்'கா? சளிக்கு 'கேட்ச்' என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியானால் வயிற்றுவலியையும் 'கேட்ச்' செய்யலாமா? அகராதியைப் புரட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து அர்த்தம் போட்டிருந்தது. எதற்கு எது ஜோடி என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

முதல் தடவை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது என் கணவர் ஊரில் இருந்தார். 'காய்ச்சலால் அவதிப்படுவதால் விடுப்பு அளிக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அதை ஒரு நோட்டில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தேதியை மட்டும் மாற்றி அதையே எழுதினேன். வயிற்றுப்போக்கா? காய்ச்சல். மழையில் நனைந்த யூனிஃபாரம் காயவில்லையா? காய்ச்சல். திருநெல்வேலியில் நாத்தனார் கல்யாணத்துக்கும் காய்ச்சல்தான்.

"கல்யாணத்துக்குப் போனாக்கூட உன் பொண்ணுக்குக் காய்ச்சலா?" என்று என் கணவர் சிரித்தார். வேறு எதையாவது தப்பாக எழுதி, அதை வகுப்பில் படித்துக் குழந்தையைக் கேலி செய்துவிட்டால் என்ன செய்வது? தப்பில்லாத பொய்யே மேல் என்று எனக்குத் தோன்றியது.

பொங்கல் லீவு முடிந்த மறுவாரம் டயரியில் வகுப்பு ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார். மறுநாள் மூன்று மணிக்கு வந்து பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டே பஸ் ஏறினேன்.

அந்த மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். ஆங்கிலோ இந்தியப் பெண். நான் 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லி முடிப்பதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா நீ. இன்னா, உன் பொண்ணுக்கு மாசாமாசம் ஜொரம் வந்துகினே கீது?"

திகைத்துப்போனேன். அவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் எங்கள் தெருமுனைக் காய்கறிக்காரியின் தமிழ்! அவரே சிரித்துவிட்டார். "எங்க வூட்டு ஆயாகிட்ட கத்துகின தமிழ். எல்லாரையும் நீ, வா, போன்னுதான் வரும். தப்பா எடுத்துக்காதே."

மேஜை மேல் என் கடிதங்கள் ஒன்பதும் இருந்தன. இத்தனை முறை காய்ச்சல் என்றால், குழந்தைகளுக்கு வரும் காசநோயான ப்ரைமரி காம்ப்ளெக்ஸாக இருக்குமோ என்று பயந்துபோயிருக்கிறார். அவர் தம்பிக்குச் சின்ன வயதில் நெஞ்சில் அந்த நோய் வந்ததாம். ஒரு வாரமாக இடைவேளையில் என் பெண்ணின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. உண்மையைச் சொன்னால் பொய்க் கடிதம் கொடுத்தது வெளியே வரும். தலைமை ஆசிரியை ரொம்பக் கண்டிப்பு. டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால்? பேசாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் என் குழந்தையின் நெற்றியைத் தொட்ட கை எதிரே மேஜை மேல் இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கல்யாணத்தையும் சேர்த்து.

அவர் கோபப்படவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அழாதே. நெஜமா ஜொரம் வந்தது எது எதுன்னு நீயே டிக் போடு."

ஒவ்வொரு தேதியாக யோசித்தேன். கல்யாணம், இல்லை. மழை, இல்லை. நவராத்திரிக்கு முந்தின வாரம்... ஆமாம், சாயங்காலம் உடம்பு சுட்டது. முடித்தபோது ஐந்து டிக் இருந்தது. கடைசி மூன்றுக்கும் இடையே மூன்று வாரம்கூட இல்லை. மாலையில் லேசாகச் சுடும், கஷாயம் கொடுப்பேன், இரண்டு நாளில் சரியாகிவிடும். குழந்தை சாப்பாட்டை ஒதுக்குவதை அடம் என்று நினைத்திருந்தேன். ஒரே கடிதத்தை எழுதி எழுதி, நிஜமான காய்ச்சல் எத்தனை என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மிஸ்ஸின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "வூட்டுக்காரர் வர்ற வரைக்கும் காத்துகினு இருக்காதே. இன்னிக்கே டாக்டராண்ட போ." டிக் போட்ட ஐந்தையும் என் கையில் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னார். மற்ற நான்கையும் கிழித்துக் கூடையில் போட்டார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ராயப்பேட்டையில் குழந்தைகள் டாக்டர் தேதிகளைப் பார்த்தார், எடை பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ப்ரைமரி காம்ப்ளெக்ஸ்தான். "ஆரம்பத்துலயே கொண்டுவந்துட்டீங்க. மத்த குழந்தைகளுக்கு ஒட்டாது, ஸ்கூலுக்கு அனுப்பலாம்" என்றார். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடம் ஓடியது. மத்தியான மாத்திரையைக் கடைசி வரை அந்த மிஸ்தான் கொடுத்தார், என் பெண் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும்.

அதற்குப் பிறகு கடிதம் எழுத வேண்டி வந்தால் பள்ளி கேட்டில் நின்று அவரிடம் தமிழில் சொல்வேன். பல் விழுந்தது, கால் சுளுக்கியது என்று எதற்கு எந்தச் சொல் என அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். ஒரு நாள் அவர் திருப்பிக் கேட்டார்: "ஆமா, உங்க தமிழ்ல ஜொரம் ஏன் அடிக்குது? சளி ஏன் புடிக்குது?" யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை மிஸ், அப்படியே வந்துவிட்டது என்றேன். "எனக்கும் இங்கிலீஷ் அப்டித்தான் வந்திச்சு. நீ வெட்கப்படாதே" என்றார்.

போன வருடம் அவர் கணவரோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சரியாக நன்றிகூடச் சொல்லவில்லையோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. பொய் சொன்ன தாயைப் பிடிப்பதை விட்டுவிட்டு, அந்தப் பொய்களுக்கு நடுவே நிஜமாகவே காய்ச்சலோடு இருந்த குழந்தையைத் தேடினாரே என்று, என் பெண் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்கிறேன்.