டச்சுக் கப்பலின் கீழ்த்தளம்

காலை 9.40. வெஸ்ட்லியில் மெட்ரோ ஏறினோம். ஐந்தாம் தடத்தின் கடைசி நிலையம் அது; உட்கார இடம் தாராளம். நாகப்பட்டினத்திலிருந்து பத்து நாள் பயணமாக ஒஸ்லோ வந்திருந்தேன். கூட வந்தவர் எனக்குத் தங்க இடம் கொடுத்த சேவியர், நண்பர் ஒருவரின் மைத்துனர். மன்னார்க்காரர். நகரப் பேருந்து ஓட்டுகிறார்.

"பஸ்ஸிலை வாற சனமெல்லாம் உந்தக் கப்பலைப் பற்றித்தான் கதைக்குது. ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார்.

நகர மையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தோம். துறைமுகத்தில், பழைய கோட்டைக்குக் கீழே மூன்று பாய்மரங்களோடு அது நின்றது. கிழக்கு நாடுகளில் வணிகம் செய்த டச்சுக் கப்பல் ஒன்றின் நகல். அசல் எப்போதோ மூழ்கிவிட்டது. நகல்கள் இரண்டு. ஒன்று ஹாலந்தில் அருங்காட்சியக வாசலில் கட்டிக் கிடக்கிறது. இது துறைமுகம் துறைமுகமாகப் போகிறது. நுழைவுக் கட்டணம் 150 குரோனர்.

11 மணி. வழிகாட்டி அன்னா, இளம் டச்சுப் பெண், ஆங்கிலத்தில் விளக்கினார். பாய்கள், பீரங்கிகள், தலைவனின் அறை; ஏற்றி வந்த மிளகு, பட்டை, நாகப்பட்டினத்துத் துணி. எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் நான் தலையாட்டினேன்.

சேவியர் கையை உயர்த்தினார். "ஆட்களையும் ஏற்றினார்கள்தானே, அடிமைகளாக? அவர்களை எங்கே வைத்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அன்னா தயங்கினார். "கீழ்த்தளத்தில். அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை." பிறகு மேலே போய் அனுமதி கேட்டு வந்து, விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். நாங்கள் இருவரும் ஒரு நார்வேத் தம்பதியும் இறங்கினோம்.

டீசல் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, இரண்டு சலவை இயந்திரங்கள். நிமிர்ந்து நிற்க முடிந்தது.

"பாதுகாப்பு விதிகளுக்காக இந்தத் தளத்தை மட்டும் உயர்த்திக் கட்டினார்கள்" என்றார் அன்னா.

"அசலில் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் சேவியர்.

அன்னா தன் மார்பளவில் கையை நீட்டிக் காட்டினார். சேவியர் அந்தக் கைக்குக் கீழே குனிந்து பார்த்தார். சரிப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்னா கையை எடுக்கவில்லை.

"எங்கிருந்து ஏற்றினார்கள்?" என்று நார்வேப் பெண்மணி கேட்டார்.

"பஞ்சக் காலங்களில் எங்கள் ஊரிலிருந்தும்" என்றேன் நான். மேலே நின்றபோது வாயைத் திறக்காதவன்.

வெளியே வந்ததும் சேவியர் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பிறகேன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"விருந்தாளியா வந்த இடத்துல எதுக்குன்னு..."

"விருந்தாளியோ? டிக்கெட் எடுத்துத்தானே ஏறினனாங்கள்."

அவரே காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே கப்பலைப் பார்த்திருந்தோம்.

வெளியூர் நண்பர்கள் வந்தால் நாகப்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப்போவேன். டச்சுக்காரர்கள் துணி ஏற்றிய துறைமுகம் இது என்று காட்டுவேன். எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். இங்கே ஆட்களையும் ஏற்றினார்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.