எதிர்வீட்டுப் பாலும் கிரேட் டேன் குட்டியும்

போன வருஷம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் நடந்த கதை இது. மகனுக்குக் கனடா விசா திடீரென்று சரிவந்துவிட, அவன் ஆசைப்பட்டு வாங்கிய கிரேட் டேன் நாய்க்குட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். குட்டி என்பது பெயருக்குத்தான். நான்கு மாதத்திலேயே கன்றுக்குட்டி மாதிரி நின்றது.

தெஹிவளையில் நாங்கள் காட்டும் மிருக வைத்தியர் முதல் நாளே சொல்லிவிட்டார். பெரிய இன நாய் அவசரப்பட்டு வளரக்கூடாது, உடம்பு முந்திப் பாரமானால் எலும்பும் மூட்டும் தாங்காது. அந்த இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவை மட்டும் அளந்து போடுங்கள், மேலதிகமாகக் கல்சியம் வேண்டவே வேண்டாம், தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும் என்றார். நானும் கோப்பையால் அளந்துதான் போட்டேன்.

ஆனால் குட்டி வயிறு பெருத்து வண்டி வைக்கத் தொடங்கியது. பிறகு ஒரு முன்காலை நொண்டியது. வைத்தியர் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“வேற என்னம்மா குடுக்கிறீங்க?”

“சத்தியமா ஒண்டும் இல்லை டொக்டர்.”

“அப்ப காத்தக் குடிச்சா இப்படி வந்த? இப்படியே போனா கால் வளைஞ்சிரும். பிறகு நிமித்த ஏலாது.”

கூட வந்த என் கணவர், சுவரில் இருந்த பூனைப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையால் ஓய்வுபெற்ற அவர்தான் பின்னேரங்களில் குட்டியை நடக்கக் கூட்டிப்போவார். அன்று கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். “நீ ஏனப்பா மினக்கெடுறாய்?” என்று பின்னாலேயே வந்தார். குட்டியோ லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை. நொண்டி நொண்டி நேரே எதிர் ஃபிளாட்டுக்குப் போய், வாசலில் குந்தி, காலால் கதவைத் தட்டியது. அங்கே தனியே இருக்கும், முந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வயதான ரீச்சர், பால் கிண்ணத்தோடு கதவைத் திறந்தார்.

“வா ராசா, ஏன் இண்டைக்குப் பிந்தினனீ? உன்னைக் கூட்டிவாற தம்பிக்கு ஊத்தின தேத்தண்ணியும் ஆறிப்போச்சு. கேக் வெட்டி…”

கயிற்றின் மறுமுனையில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

“இல்லைப் பிள்ளை, வந்த புதுசில விலா எலும்பெல்லாம் தெரிஞ்சுது. பாக்கச் சகிக்கேல்லை. அதுதான் என்ர கல்சியம் குளிசையைப் பொடிச்சுப் பாலில போட்டுக் குடுக்கிறனான்.”

கீழே இறங்கினால், கீழ்வீட்டில் இருக்கும் சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்று கூப்பிடுபவர், பாற்சோற்றோடு நிற்கிறார். “அனே பவ்! ஐயோ பாவம், சின்னப் புள்ளதானே!”

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்தேன்.

“தரேக்க வேண்டாமெண்டா குறை நினைப்பினம் எல்லே?”

“நாய்க்குத் தரேக்கயோ, உங்களுக்குத் தரேக்கயோ?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

அவருடைய சீனி வருத்தம் ஏன் இறங்கவே இல்லை என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள், கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என்று ரீச்சர் வீட்டுக்குப் போனேன். வாயைத் திறக்கமுதல் பயத்தம்பணியாரத் தட்டை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தின்று முடித்த பிறகுதான் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “ஐயோ, அதின்ர காலை நானே பழுதாக்கிப்போட்டனோ?” என்று கண் கலங்கினார். குட்டி கதவைத் தட்டும் சத்தம்தான் அந்த வீட்டுக்குப் பின்னேரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிக் குட்டி வராது என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒரு வேலை செய்தேன். அன்றன்றைக்கு அளந்த உணவிலேயே ஒரு பிடியைப் பிரித்து, சின்ன டப்பாவில் போட்டு ரீச்சருக்கு ஒன்று, நோனாவுக்கு ஒன்று கொடுத்தேன். “நீங்களே குடுங்கோ, ஆனா இதை மட்டும். இவருக்கும் இனிக் கேக் வேண்டாம்.” குட்டிக்கு எந்தக் குறையும் இல்லை. பழையபடி கதவைத் தட்டியது, வாலை ஆட்டியது, தின்றது. கேக் நின்றுபோன கவலை முழுவதும் என் கணவருக்குத்தான்.

வண்டி வற்ற, நொண்டலும் மெல்ல மெல்லக் குறைந்தது. வைத்தியர் காலை நீட்டி மடக்கிப் பார்த்து, “தப்பிச்சிட்டான்” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் என் வீட்டில் யாராவது ‘போதும்’ என்று கையால் மறித்தால், இன்னொரு கரண்டி போடாமல் அவர்கள் சொல்லை நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் அந்தச் சொல்லைச் சொல்லும் நாளுக்காகத்தான் இன்னும் காத்திருக்கிறேன்.