எந்தப் போத்தல்?

அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் நாங்கள் இருவரும் பயிற்சிக்கு இருந்தோம். வருட முடிவில் ஒருத்திக்குத்தான் வேலை என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். நான் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டம், அவள் தூரத்து மடுல்சீமை. பஸ் வராத நாளில் அடுத்த பஸ் பிடிக்கும் சந்திவரை நடந்து வருவாள். அப்படியும் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

ஆட்கள் இல்லாத நேரத்தில் முதலாளி கணக்குக் கேட்பார். "அரை லீட்டர் சேலைன், பாயிண்ட் ஒன்பது சதவீதம். சோடியம் எத்தனை மில்லிமோல்?" நான் உப்பு நாலரை கிராம் என்று எழுதி, அதன் மூலக்கூற்று எடை ஐம்பத்தெட்டரையால் வகுக்கக் கால்குலேட்டரைத் தேடுவேன். அவள் மருந்து அடுக்கும் ராக்கையைத் துடைத்துக்கொண்டே "எழுபத்தேழு சார்" என்பாள். வயிறு எரியும். அவளுடைய விடை ஒரு தடவையாவது தப்பாகிப்போக வேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்காத குறைதான்.

ஒரு நாள், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு உப்புச்சர்க்கரைத் தூள் கேட்டுத் தோட்டத்து அக்கா ஒருவர் வந்தார். தூள் பக்கெட்டை நீட்டி, "ஒரு போத்தல் தண்ணியில கலக்கிக் குடுங்க" என்றேன். அவர் படியிறங்கிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, எந்தப் போத்தல்ல கலக்குவீங்க?"

"சாராயப் போத்தல்லதாம்மா. எதை அளந்தாலும் அதுலதான அளக்குறோம்."

"அது முக்கா லீட்டர்க்கா. இது ஒரு லீட்டருக்கான தூளு. உப்புக் கூடிப்போயிரும், புள்ளைக்கு ஆகாது. பக்கத்துக் கடையில ஒரு லீட்டர் தண்ணிப் போத்தல் வாங்கிக்கிட்டுப் போங்க."

லீட்டருக்கு எழுபத்தைந்து மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் நூறாகியிருக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குப் போத்தல் என்றால் முக்கால் லீட்டர் என்று தெரியாதா? தெரியும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்ததும் மறந்துபோயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

"என்ன பிரச்சின?" என்று முதலாளி கேட்டார்.

"ஒன்னுமில்ல சார், எப்படிக் கலக்குறதுன்னு சொன்னோம்" என்றாள்.

சொன்னோமாம். என்னைப் போட்டுக்கொடுத்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

வருட முடிவில் வேலை எனக்குக் கிடைத்தது. "அவ மனசுலயே கணக்குப் போடுறா, நான் எப்படி சரிபாக்குறது? நீ வழிய எழுதிக் காட்டுற" என்றார் முதலாளி. அந்தப் பக்கெட் விஷயத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போதும் அந்தத் தூள் கேட்டு யார் வந்தாலும், "எந்தப் போத்தல்ல கலக்குவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். அது அவளுடைய கேள்வி. வேலை கிடைத்து இத்தனை நாளாகியும், கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.